நானே பழுதாக்கிய கொம்பியூட்டர்

கொட்டாஞ்சேனையில் கொம்பியூட்டர் திருத்துகிற ஒரு மனிதரை நான் ஒரு இரவு முழுக்கப் பொலிஸ் கூண்டுக்குள் இருத்திவைத்தேன். பொலிஸுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்கு டெலிபோன் எடுத்து, "தம்பி, கொம்பியூட்டர் திரும்பவும் எழும்புதில்லை, ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான். மகனுக்குக்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால் "அம்மாவுக்கு விசர்" என்பான். அவன் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

என் வீடு கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில். கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கடல் தெரியும் வீடு என்று புரோக்கர்மார் புளுகுவார்கள். உப்புக் காற்று மின்விசிறியையும் இரும்பு அலுமாரியையும் தின்னுகிற கதையைச் சொல்லமாட்டார்கள். கணவர் செத்து நாலு வருடமாகியிருந்தது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் சிங்களத்தில் கோப்பு எழுதிவிட்டு நானும் பென்சன் எடுத்து வீட்டில் இருந்தேன். ஒரே மகன் லண்டனில்.

அக்கம்பக்கத்தில் ஆட்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். எதிர் வீட்டு வாசலில் ஆறு மாதத்துக்கு ஒருதரம் புதுச் செருப்புகள் கிடக்கும். அந்த வருடங்களில் எங்கள் சனம் வெள்ளவத்தைக்கு இருக்க வரவில்லை, போகத்தான் வந்தது. பிள்ளைகளின் பெயர் எனக்குப் பாடமாகும் முன்னமே அவர்களுக்கு விசா வந்துவிடும். கீழ் வீட்டுக்காரியோடு தண்ணீர்த் தாங்கி விசயத்தில் வாய்த்தர்க்கப்பட்டு இரண்டு வருடமாகக் கதை இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை நானே ஒத்துக்கொள்கிறேன். சில நாளில் மீன்காரனோடு கதைத்த இரண்டு சிங்களச் சொல்லைத் தவிர வேறொன்றும் என் வாயிலிருந்து வந்திருக்காது. பின்னேரத்தில் சும்மா இருமிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று.

வடக்கில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலத்தில் மகன் வந்து மூன்று கிழமை நின்றான். அப்போது வாங்கிப் பூட்டித் தந்ததுதான் அந்தக் கொம்பியூட்டர். கறுப்புப் பெட்டி, பெரிய திரை, காதில் மாட்டிக் கதைக்க ஒரு மைக். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு நான் அதற்கு முன்னால் உட்கார வேண்டும், அவன் அங்கே காலையில் எழும்பிக் கூப்பிடுவான். "சாப்பிட்டீங்களா அம்மா? பிரஷர் குளிசை போட்டீங்களா? வெளியில கனக்கத் திரியாதேங்கோ." பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு இருப்பேன்.

சண்டை திரும்பத் தொடங்கி, வீடு வீடாகப் பொலிஸ் பதிவும் சோதனையும் வந்த வருடத்தில்தான் அது மக்கர் பண்ணத் தொடங்கியது. ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். பட்டனை அமத்தினால் பச்சை விளக்கு வரும், உள்ளே விசிறி சுற்றும், நாலு எண்ணுவதற்குள் எல்லாம் செத்துப்போகும். சில வேளை விளக்கே வராது. கோதாரி விழுந்த பெட்டி என்று திட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அமத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல எழும்பி நிற்கும். முழுவதாகப் பழுதானால் தூக்கி எறியலாம். இது ஒரு நாள் எழும்பும், ஒரு நாள் எழும்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வரை நான் அதோடு மல்லுக்கட்டினேன், கடைசியில் மகன் பயந்துபோய் டெலிபோன் எடுத்தான். குண்டு ஏதும் வெடித்து நான் போய்விட்டேன் என்று நினைத்தானாம்.

காலி வீதியில் டெலிபோன் பேசுகிற கடையில் ஒரு விளம்பரத் துண்டு ஒட்டியிருந்தது. வீட்டுக்கே வந்து கொம்பியூட்டர் திருத்தித் தரப்படும், கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தையில் ஆள் இல்லாமலா கொட்டாஞ்சேனைக்குப் போனாய் என்று கேட்கலாம். இருந்தார்கள். ஒருவன் நான் சொல்லத் தொடங்கும்போதே "அன்ரி, வைரஸ்" என்றான். பெட்டியே எழும்பவில்லை, அதற்குள் வைரஸ் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் டெலிபோனை வைத்துவிட்டான்.

கொட்டாஞ்சேனைக்காரர் இரண்டு பஸ் மாறி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெல்லிய உடம்பு, நல்லாக மடித்துவிட்ட சேட்டுக் கை, தோளில் ஒரு கனத்த காக்கிப் பை. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் கொழும்புக்கு வந்து, துறைமுகப் பக்கத்துக் கடையொன்றில் ரேடியோ திருத்தப் பழகியவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். தனியாக இருக்கிற பொம்பிளை வீடு என்று மரியாதைக்குச் செய்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

"எங்கங்க நோயாளி?" என்றார்.

காட்டினேன். அவர் பட்டனை அமத்தினார். சனியன் முதல் தரத்திலேயே எழும்பியது.

"நல்லாத்தானே இருக்குதுங்க."

"நீங்கள் வந்தபடியால் நடிக்குது. ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி செத்துக் கிடந்தது. நான் என்ன பொய்யே சொல்லுறன்?"

"நான் அப்படிச் சொல்லலீங்க அக்கா. மெஷினுக்கும் ஆள் தெரியும்" என்று சிரித்தார். பிறகு பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தார். உள்ளே தூசி, ஒரு கரப்பான் முட்டை, உப்புக் காற்றில் பச்சை பிடித்த செம்பு. நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் பொன்நிறக் கரையைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்து, ஊதித் திரும்பப் பூட்டினார். தேய்க்கும்போது அதோடு கதைப்பார். "என்ன தாயி, என்ன கோவம் உனக்கு? ஏன் அக்காவை அலைக்கழிக்கிற?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

பத்து நாளில் திரும்ப அதே வருத்தம். திரும்ப வந்தார். இந்த முறை மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டியைச் சந்தேகப்பட்டு, பையில் கொண்டுவந்த வேறொன்றைப் பூட்டிப் பார்த்தார். பிறகு சுவரில் பிளக் போடும் இடத்தைக் கழற்றிப் பார்த்தார். கீழே ரயில் போனபோது மேசை ஆடுவதைக் கண்டு, அதனால் உள்ளே எதுவோ கழன்றிருக்கும் என்று எல்லாவற்றையும் மறுபடி இறுக்கினார். பெட்டி திறந்திருக்கும்போது அவர் பட்டனைத் தொடுவதில்லை. பட்டனின் வயரைக் கழற்றிவிட்டு, உள்ளே மின்பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்ன முள்ளைத் திருப்புளி நுனியால் தொடுவார், மெஷின் எழும்பிவிடும். திருத்துகிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். அப்படித் தொட்டபோதெல்லாம் அது ஒருதரமும் பிழைக்கவில்லை. அதனால் பழுது எங்கே என்று அவருக்குப் பிடிபடவும் இல்லை.

வேலை முடிந்ததும் தேத்தண்ணி கொடுப்பேன். மூன்று கரண்டி சீனி. தட்டை வடை சுட்டு வைத்திருப்பேன், "கல்லு மாதிரி இருக்குதுங்க, ஆனா விடவும் முடியல" என்பார். பொம்பிளைப் பிள்ளைகள் இரண்டு பேர், மனைவி தையல். கப்பல் சங்கு ஊதினால் பிள்ளைகளுக்கு நேரம் தெரியுமாம். பல்வலி அவருக்குப் பெரிய பிரச்சினை, பல்லுப் பிடுங்கப் பயம். நான் கந்தோர்க் கதை சொல்வேன், கணவர் வைத்தியசாலையில் கிடந்த கடைசி மாதத்தைச் சொல்வேன். அவர் திருப்புளியை உருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். பெற்ற மகனோடு பத்து நிமிடம், இந்த மனிதரோடு ஒன்றரை மணித்தியாலம். அவர் போன பிறகும் நாற்காலி இழுத்தபடியே கிடக்கும், நான் அதை உடனே எடுத்துவைப்பதில்லை.

கார்த்திகையில் ஒரு மழை நாள். பட்டனை அமத்தினேன். உள்ளே போனது திரும்பி வெளியே வரவில்லை. அன்றைக்குத்தான் அதை நான் கவனித்தேன். கொண்டை ஊசியை எடுத்து அதன் விளிம்பில் விட்டு நெம்பினேன். மஞ்சளாக மாவுபோல ஒன்று ஊசியில் வந்தது. மூக்கில் வைத்தேன். சந்தனம்.

ஐயோ, என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு கொம்பியூட்டரையும் வைத்திருந்தேன். கல்விச் சாமான்தானே. திரைக்கு ஒரு பொட்டு, கீபோட்டுக்கு ஒரு பொட்டு. பெட்டிக்கு நெற்றி எது என்று பார்த்தால், நடுவில் வட்டமாகப் பட்டன் இருந்தது. குழைத்த சந்தனத்தை நல்ல தடிப்பாக அதில் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். விஜயதசமிக்கு மறுநாள் ஈரத் துணியால் துடைத்தபோது, துடைத்ததில் பாதி பட்டனைச் சுற்றியிருந்த இடுக்குக்குள் போயிருக்கிறது. மழை நாளில் ஊறிப் பட்டனைப் பிடித்துவைக்கும். வெயில் நாளில் காய்ந்து விட்டுவிடும். பட்டன் உள்ளேயே நின்றால் மெஷின் எழும்பி, நாலு நொடியில் தானே அணைந்துவிடும். இதற்குத்தான் ஒரு மனிதர் அழிறப்பரும் கையுமாக இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார்.

ஊசியால் எல்லாவற்றையும் கிளறி எடுத்தேன். பட்டன் டக் டக் என்று வேலை செய்தது. அன்றைக்கும் எழும்பியது, அடுத்த நாளும் எழும்பியது. மூன்று கிழமை ஒரு குறையும் இல்லை.

மூன்று கிழமையும் என் வீட்டு வாசலில் ஒரு செருப்பும் கழற்றப்படவில்லை. எதிர் வீட்டார் கனடாவுக்குப் போய்விட்டார்கள், போகும்போது ஒரு வாளியும் இரண்டு பூச்சட்டியும் தந்துவிட்டுப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடவில்லை. வேலை இடத்தில் ஏதோ என்று மறுநாள் எழுதியிருந்தான். அன்றைக்கு நாலு மணி வரை நல்லாக வேலை செய்கிற கொம்பியூட்டருக்கு முன்னால் நான் தலைக்குக் குளித்தபடி இருந்தேன். பிறகு எழும்பிப்போய்ச் சாமி அறையில் சந்தனத் தூளை எடுத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கொண்டை ஊசியால் பட்டனைச் சுற்றி அடைத்தேன். அடைக்கும்போது எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. அதை இப்போது நினைக்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

"தம்பி, திரும்பவும் அதே பிரச்சினை."

"அப்படீங்களா? இது என்னடா கறுமம். நாளைக்கு வாறேன் அக்கா."

தை மாதம் முடிவதற்குள் நாலு தரம் கூப்பிட்டேன். கூலியைக் கையோடு கொடுத்துவிடுவேன், அதில் குறை வைக்கவில்லை, அதனால் இது ஏமாற்று இல்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவருக்கோ அது மானப் பிரச்சினையாகிவிட்டது. இருபத்தைந்து வருடத் தொழிலில் இப்படி ஒரு பழுதைக் காணவில்லை என்றார். ஒவ்வொரு தரமும் பை கனத்துக்கொண்டு வந்தது. புது மின்பலகை ஒன்று, கம்பிச் சுருள், கரண்ட் அளக்கும் மீற்றர், ஈயம் உருக்கும் கோல், சின்ன வட்டப் பற்றரிகள். "இந்தத் தடவை விடமாட்டேங்க" என்று சொல்லிக்கொண்டு வருவார். எனக்குப் பாவமாகவும் இருக்கும், சந்தோசமாகவும் இருக்கும். சந்தோசம்தான் கூட.

மாசியில், நல்ல வெயில் காலம், ஐந்தாவது தரம் கூப்பிட்டேன். அந்தக் கிழமை நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. வீதி எங்கும் மறிப்பு. தமிழ் ஆட்கள் அத்தியாவசியம் இல்லாமல் வெளிக்கிடாத நாட்கள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டேன். இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

மூன்று மணியாயிற்று, நாலு மணியாயிற்று. வடை ஆறிப்போனது. எனக்குக் கோவம் பொத்துக்கொண்டு வந்தது. வர ஏலாது என்றால் ஒரு சொல் சொல்லக்கூடாதா, இவருக்கு என்ன கொழுப்பு என்று டெலிபோனை எடுத்து அவர் வீட்டுக்கு அடித்தேன். மனைவி எடுத்தார்.

"எங்க உங்கட அவர்? நான் இரண்டு மணியில இருந்து காத்துக்கொண்டிருக்கிறன்."

"அவரு ஒரு மணிக்கே கிளம்பிட்டாருங்களே" என்றார் அந்தப் பெண். கொழும்பில் அந்த நாளில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மறுநாள் காலை அந்தப் பெண்ணே விசாரித்துத் திரும்ப எடுத்தார். என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், காலி வீதி மறிப்பில் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டை சரி, பதிவுக் கடிதம் சரி. பையைத் திறந்தால் கம்பி, பற்றரி, மின்பலகை. கொம்பியூட்டர் திருத்தப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார், யார் நம்புவார்கள்? இன்னும் ஒரு நாளில் முடிவு இல்லையென்றால் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்குத்தானே வந்தாரு" என்று அழுதார். சின்னப் பிள்ளையின் குரலும் பின்னால் கேட்டது.

அவர் கதைத்து முடிக்கும் முன்னமே நான் சேலை மாற்றத் தொடங்கிவிட்டேன். பதிவுக் கடிதம், பென்சன் அட்டை, வீட்டு உறுதிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இரண்டரை மணித்தியாலம் சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு சார்ஜன்ட் கூப்பிட்டார். தலை நரைத்த, களைத்த மனிதர். நான் சிங்களத்தில் சொன்னேன், கந்தோர்ச் சிங்களம், மரியாதையான சிங்களம். அந்த ஆள் என் வீட்டுக்குத்தான் வந்தார், என் கொம்பியூட்டர் பழுது, ஐந்து மாதமாக அவர்தான் பார்க்கிறார்.

"அப்படியானால் போய்ப் பார்ப்போம்" என்றார் சார்ஜன்ட். "பழுது என்றால் விடுகிறேன்."

ஜீப்பில் கொட்டாஞ்சேனைக்காரரையும் ஏற்றினார்கள். கலைந்த தலை, பித்தான் அறுந்த சேட்டு, கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பல்வலியா, அடித்தார்களா, தெரியாது. என்னைப் பார்த்து, "மன்னிச்சிருங்க அக்கா, உங்களையும் அலைய வச்சிட்டேன்" என்றார். எனக்குக் கீழே பூமி பிளக்காதா என்றிருந்தது.

மூன்றாம் மாடிக்கு ஏறினோம். கீழ் வீட்டுக்காரி கதவு இடுக்கால் பார்த்தாள். சார்ஜன்ட், ஒரு கான்ஸ்டபிள், அவர், நான். மேசையில் கொம்பியூட்டர். முந்தநாள் மத்தியானம் அடைத்த சந்தனம் இந்த மாசி வெயிலுக்கு எப்படி இருக்கும்? பிள்ளையாரே, எழும்பவிடாதே, இந்த ஒருதரம் எழும்பவிடாதே என்று மனசுக்குள் கும்பிட்டேன். ஐப்பசி முழுக்க அதை எழும்பச் சொல்லிக் கும்பிட்டவள் நான்.

சார்ஜன்ட் பட்டனை அமத்தினார். பச்சை விளக்கு வந்தது. விசிறி சுற்றியது. நாலு எண்ணினேன், ஐந்து எண்ணினேன். திரை வெளிச்சம் போட்டது.

"ஹொந்தட்ட வெட கரனவா நே" என்றார். நல்லாக வேலை செய்கிறதே.

"சில நேரம்தாங்க சேர். சில நேரம் எழும்பும், சில நேரம் எழும்பாது" என்று அவர் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார். கான்ஸ்டபிள் சிரித்தான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. ஐந்து மாதமாகத் திருத்த வந்தும் பழுது என்னவென்று தெரியாத ஒரு திருத்துனர், பழுதே இல்லாத ஒரு கொம்பியூட்டர், பை நிறையக் கம்பியும் பற்றரியும். சார்ஜன்ட் அவருடைய கையைப் பிடித்தார். "நட" என்றார்.

"பொறுங்கள்" என்றேன். "அதில் பழுது ஒன்றும் இல்லை. நான்தான் பழுதாக்குகிறேன்."

சார்ஜன்டுக்கு விளங்கவில்லை. நான் திரும்பச் சொன்னேன். இந்தப் பட்டனுக்குள் நான் சந்தனம் வைக்கிறேன். வைத்தால் எழும்பாது. எழும்பாவிட்டால் இவர் வருவார். இவருக்கு ஒன்றும் தெரியாது.

"ஏன் வரவேண்டும்?"

"மம தனியம இன்னே" என்றேன். நான் தனியாக இருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் சிங்களத்தில் எழுதியவளுக்கு, அந்த நேரத்தில் வாயில் வந்தது மூன்று சொல்தான். கான்ஸ்டபிளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"செய்து காட்டுங்கள்" என்றார் சார்ஜன்ட்.

சாமி அறையிலிருந்து சந்தனத் தூளும் கிண்ணமும் கொண்டுவந்தேன். மூன்று ஆம்பிளைகளுக்கு முன்னால் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். மெஷினை அணைத்தேன். கொண்டையிலிருந்து ஊசியைக் கழற்றி, பட்டனைச் சுற்றி, நன்றாகப் பழகிய கைபோல அடைத்தேன். தள்ளி நின்று, அமத்திப் பாருங்கள் என்றேன். சார்ஜன்ட் அமத்தினார். உள்ளே போன பட்டன் அங்கேயே நின்றது. விசிறி சுற்றியது, நாலு நொடியில் எல்லாம் அணைந்தது. இன்னொருதரம் நெம்பிவிட்டு அமத்தினார், அதே கதை. அவர் விரல் நுனியை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

நான் கொட்டாஞ்சேனைக்காரரைப் பார்க்கவில்லை. அவர் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது மட்டும் தெரிந்தது.

பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பப் போய், நான் சொன்னதை எல்லாம் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். சார்ஜன்ட் எழுதும்போது ஒருதரம் தலையை நிமிர்த்தி, "பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்டார். லண்டனில் என்றேன். அவர் அதையும் எழுதினார். மத்தியானம் கொட்டாஞ்சேனைக்காரரை விட்டார்கள். பையை மட்டும் பரிசோதனை முடியும்வரை வைத்துக்கொண்டார்கள்.

காலி வீதி பஸ் தரிப்பில் இரண்டு பேரும் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. சோடா வாங்கித் தரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். என்னை ஏசுங்கோ தம்பி என்றேன். அவர் ஏசவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிடிக்க ஒன்றும் இல்லாமல் அவை தொங்கிக்கொண்டிருந்தன.

"பேசிக்கிட்டு இருக்கத்தானா அக்கா கூப்பிட்டீங்க?"

"ஓம்."

"அதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லியிருந்தா பையை வீட்டிலேயே வச்சிட்டு வந்திருப்பேன். கையை வீசிக்கிட்டு வந்தா எவனும் என்னைப் பிடிச்சிருக்க மாட்டான்."

அவருடைய பஸ் வந்தது. ஏறி, சனத்துக்குள் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து ஊசியால் சந்தனத்தை முழுவதாகக் கிளறி எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அதற்குப் பிறகு அந்த மெஷின் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. மழையோ வெயிலோ, தொட்டால் எழும்பும். ஞாயிற்றுக்கிழமை மகன், "இப்ப நல்லா வேலை செய்யுது என்ன?" என்று கேட்டான். ஓம், நல்ல ஆள் ஒருத்தர் திருத்தினவர் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், துணிவை வரவழைத்துக்கொண்டு அந்த நம்பருக்கு அடித்தேன். சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்தே பாடமாக்கி வைத்திருந்தேன். தம்பி, ஒரு வேலையும் இல்லை, சும்மா ஒருநாளைக்கு வாங்கோ, மனுசியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இவ்வளவுதான்.

மனைவிதான் எடுத்தார். பின்னால் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"ஆ, சொல்லுங்கம்மா. கொம்பியூட்டரா? என்ன பழுதுங்க?"

"பழுது ஒண்டும் இல்லை" என்றேன்.

"அப்ப என்ன விசயமா?"

வாய்க்குள் எல்லாம் தயாராக இருந்தது. அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தார், அவருடைய மூச்சுக்கூட எனக்குக் கேட்டது.

"நம்பர் மாறி அடிச்சுப்போட்டன் போல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.